தளம் போடும் நாளில் வராத எலக்ட்ரீஷியன்: கட்டுமான மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு எதைத் தேடுகிறது?

எங்கள் வீட்டுக்கு முதல் தளம் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை ஆறரைக்கே கொத்தனார்களும் சித்தாள்களும் வந்துவிட்டார்கள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தது. ஏழரைக்கு ரெடிமிக்ஸ் லாரி தெருமுனையில் வந்து நின்றது. அப்போதுதான் மேஸ்திரி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "கரண்ட் பைப் போடவே இல்லையே சார்" என்றார். எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டோம். அவர் பக்கத்து ஊரில் வேறொரு வேலையில் இருந்தார். கம்பி கட்டி முடிந்த விஷயத்தை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

ரெடிமிக்ஸ் காங்கிரீட்டைக் கலவை நிலையத்தில் ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். பைப் பதிக்க அரை நாளாவது ஆகும். லாரி திரும்பிப் போனது. அதில் இருந்தது 6 கன மீட்டர் காங்கிரீட். அதற்குள் இருந்த சிமெண்ட் மட்டும் கிட்டத்தட்ட 2 டன். வந்த ஆட்களுக்கு அன்றைய கூலியையும் கொடுத்தாக வேண்டியிருந்தது.

இந்தக் காலைப் பொழுதை ஆராய்ச்சி செய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதுதான் கட்டுமான மேலாண்மை. சிவில் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் என்றதும், ஆய்வகத்தில் காங்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்ப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதுவும் தேவையான வேலைதான். ஆனால் "இது நிற்குமா, விழுமா" என்பது அங்கே கேள்வி. கட்டுமான மேலாண்மையின் கேள்வி வேறு. சொன்ன நாளில் ஏன் முடியவில்லை? சொன்ன செலவில் ஏன் அடங்கவில்லை? வந்த பொருள் எங்கே போனது? கடந்த 30 ஆண்டுகளில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: இதனால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் ஆன சேதம் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியைத் தனியாக எடுத்து "நிலைத்த உள்கட்டமைப்பு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். திரும்பிப் போன அந்த லாரி, மேலாண்மைக் கணக்கில் நஷ்டம். சூழல் கணக்கில் அதுவே வீணாக வெளியேறிய கரியமில வாயு.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஒரு குறிப்பிட்ட ஆய்வேட்டிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கரான கிளென் பாலார்ட் 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பல ஆண்டுகள் கட்டுமான வேலையில் இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர் அவர். அவர் எண்ணியது ரொம்ப எளிமையான ஒன்று. இந்த வாரம் முடிப்போம் என்று சைட்டில் ஒப்புக்கொண்ட வேலைகள் எத்தனை? வாரக் கடைசியில் உண்மையில் முடிந்தவை எத்தனை? முடிந்ததை ஒப்புக்கொண்டதால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். இதில் அரை மதிப்பெண் கிடையாது. 90 சதவீதம் முடிந்த வேலையும் முடியாத வேலைதான். கடுமையாகத் தெரியலாம். ஆனால் அடுத்து வர வேண்டிய ஆளுக்கு, முக்கால்வாசி முடிந்த சுவரால் எந்தப் பயனும் இல்லை. அவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

1990-களில் பாலார்டும் அவருடைய கூட்டாளி கிரெக் ஹவலும் பல சைட்டுகளில் இப்படி எண்ணிப் பார்த்தபோது, சராசரி 54 சதவீத அளவில்தான் இருந்தது. நிதானமாக யோசித்தால் தூக்கிவாரிப் போடும் எண் இது. "இந்த வாரம் முடிச்சுடுவோம்" என்று சொன்னதில் பாதிதான் நடக்கிறது. மோசமான நிறுவனங்களைத் தேடிப் பிடித்து எடுத்த கணக்கும் இல்லை. இந்த எண்ணை எப்படி உயர்த்துவது என்பதே அவருடைய ஆய்வேடு. அதற்கு அவர் கொடுத்த வழிமுறைக்கு "லாஸ்ட் பிளானர்", அதாவது கடைசித் திட்டமிடுபவர் என்று பெயர். யார் அந்தக் கடைசி ஆள்? தலைமை அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து அட்டவணை போடுபவர் அல்ல. நாளைக் காலையில் எந்த ஆளை எந்த வேலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர். நம்ம ஊர்க் கணக்கில் மேஸ்திரி, ஃபோர்மேன்.

வழிமுறையின் சாரம் இதுதான். என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு பட்டியல். என்ன செய்ய முடியும் என்பது வேறு பட்டியல். அடுத்த ஆறு வார வேலைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன தடை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வரைபடம் வந்ததா, பொருள் வந்ததா, முந்தைய வேலை முடிந்ததா, ஆள் இருக்கிறாரா, அனுமதி கிடைத்ததா? தடை நீங்கிய வேலையை மட்டும்தான் வாரத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வாரக் கடைசியில் முடியாத வேலை ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்துக்குப் பின்னால் என்ன காரணம் என்றும் தோண்ட வேண்டும். எங்கள் வீட்டுக் கதையில் "எலக்ட்ரீஷியன் வரவில்லை" என்பது முதல் காரணம். தோண்டினால், கம்பி வேலை முடிந்ததை எலக்ட்ரீஷியனுக்குச் சொல்வது யார் பொறுப்பு என்று யாரும் முடிவு செய்யவே இல்லை என்பது கிடைக்கும். அதைச் சரிசெய்ய ஒரு போன் அழைப்பு போதும்.

அதே 2000-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லௌரி கோஸ்கெலா இன்னொரு முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். பாலார்ட் கையில் எடுத்தது கருவி என்றால், கோஸ்கெலா எடுத்தது தத்துவம். கட்டுமானத்தை "பொருளைப் போட்டால் கட்டடம் வரும்" என்று மட்டும் பார்ப்பது தவறு என்றார் அவர். வேலை ஒரு ஆற்றைப் போல ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருப்பது, தூக்கி வைப்பது, இடித்துக் கட்டுவது எல்லாம் அந்த ஓட்டத்தில் விழும் அடைப்புகள். டொயோட்டா கார் தொழிற்சாலையின் உற்பத்தி முறையைக் கட்டுமானத்தோடு ஒப்பிட்டு 1992-இலேயே அவர் எழுதிய அறிக்கைதான் "லீன் கன்ஸ்ட்ரக்‌ஷன்" (வீண் வேலையும் காத்திருப்பும் இல்லாத கட்டுமானம்) என்ற சிந்தனைக்கு அடித்தளம் போட்டது. இந்தத் துறை ஆய்வாளர்களின் சர்வதேசக் குழு 1993-இல் பின்லாந்தில் கூடத் தொடங்கியது. அதன் 26-ஆவது ஆண்டு மாநாடு 2018 ஜூலையில் சென்னையில் நடந்தது. சென்னை ஐஐடியின் சிவில் துறையில் கட்டடத் தொழில்நுட்பத்துக்கும் கட்டுமான மேலாண்மைக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. இந்த வழிமுறைகளை இந்திய சைட்டுகளில் பரிசோதித்துப் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று.

சரி, எல்லா ஆய்வுகளும் இப்படி சைட்டில் நின்று எண்ணுகின்றனவா என்றால், இல்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமதத்துக்கான காரணங்கள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை. 50, 60 காரணங்களைப் பட்டியலிடுவது, இன்ஜினியர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்புவது, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வது, சராசரி எடுத்து வரிசைப்படுத்துவது. சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில் பெரிய கட்டுமானத் திட்டங்களைப் பற்றி 2006-இல் வந்த ஓர் ஆய்வு இந்த வகையில் ரொம்பப் புகழ்பெற்றது. அது 73 காரணங்களைப் பட்டியலிட்டது. உரிமையாளர், ஒப்பந்ததாரர், ஆலோசகர் மூவருமே ஒப்புக்கொண்ட ஒரே பொதுவான காரணம், நடுவில் வேலையை மாற்றச் சொல்லும் உத்தரவுதான். அந்த ஆய்வு தன் காலத்துக்குப் பயன்பட்டது. அதே கேள்வித்தாளை ஊர் மாற்றி, நாடு மாற்றி, நூற்றுக்கணக்கானோர் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான் பிரச்சினை. கேள்வித்தாளில் கிடைப்பது, ஒருவர் எதைக் காரணமாக நினைக்கிறார் என்பது மட்டுமே. ஒப்பந்ததாரர் "பணம் வரவில்லை" என்பார். உரிமையாளர் "ஒப்பந்ததாரர் சரியில்லை" என்பார். சைட்டில் ஒரு மாதம் நின்றிருந்தால், இருவருமே சொல்லாத மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டிருக்கும்.

கருத்துக் கேட்காமல் உண்மை எண்களைப் பார்ப்பதன் வலிமைக்கு இன்னோர் உதாரணம் டென்மார்க்கிலிருந்து. பெண்ட் ஃப்ளூபியர்க்கும் அவருடைய ஆய்வுக் குழுவும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களின் மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதம் அளவுக்குத் தாண்டின. பாலங்களும் சுரங்கங்களும் 34 சதவீதம், சாலைகள் 20 சதவீதம். அதைவிடச் சங்கடமானது, 70 ஆண்டுகளாக இதில் எந்த முன்னேற்றமும் இல்லை என்பது. அப்புறம் 2005-இல் அதே குழு பயணிகள் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டது. ரயில் திட்டங்களில் உண்மையில் ஏறிய பயணிகள், முன்கூட்டிச் சொன்ன எண்ணிக்கையில் சராசரியாகப் பாதிக்கும் குறைவு.

இந்த இரண்டாவது எண்ணை நிதிக் கணக்கோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் சூழல் கணக்கிலும் அது பெரிய அடி. ஒரு மெட்ரோ சுரங்கம் தோண்டும்போதே அதன் காங்கிரீட், கம்பி, தோண்டும் மின்சாரம் எல்லாவற்றின் கரியமிலமும் காற்றில் போய்விடுகிறது. அது முன்பணம் மாதிரி. கார்களையும் பைக்குகளையும் விட்டுவிட்டு மக்கள் ரயிலில் ஏறினால்தான் அந்த முன்பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். ஏறுகிறவர்கள் பாதி என்றால், திரும்பி வரும் காலம் இரட்டிப்பாகிறது. "பசுமைப் போக்குவரத்து" என்ற பெயர் நிலையத்துக்கு நடந்துபோகும் பாதையையும் இணைப்பு மினி பஸ்ஸையும் நம்பி நிற்கிறது. சுரங்க இன்ஜினியரும் நகரத் திட்டமிடுபவரும் பேசிக்கொள்ளாத இந்த இடுக்கில் முனைவர் பட்டத்துக்குத் தகுந்த கேள்விகள் நிறையக் கிடக்கின்றன.

இப்போது சின்ன அளவுக்கு வருவோம். கட்டுமானக் கழிவு என்றதும் ரோட்டோரம் கொட்டிய இடிபாடுதான் கண் முன்னால் வரும். பிரிட்டனில் 1970-களில் ஸ்காய்ல்ஸ் என்ற ஆய்வாளர் சைட் சைட்டாகப் போய்ப் பொருள் கழிவை அளந்தபோது, ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்தார். கண்ணுக்குத் தெரியும் கழிவு ஒன்று. கட்டடத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும் கழிவு இன்னொன்று. பிரேசிலில் பின்னர் வந்த ஆய்வுகள் இந்த இரண்டாவது வகை எவ்வளவு பெரிது என்று காட்டின.

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் உடனே புரியும். உள்சுவர்ப் பூச்சு வழக்கமாக 12 மில்லிமீட்டர். செங்கல் கட்டு கொஞ்சம் கோணலாகப் போய்விட்டால், தூக்குக்குண்டு பார்த்து நேராக்க, பூச்சு 20 மில்லிமீட்டர் ஆகிவிடும். யாரும் அதைக் கழிவு என்று சொல்வதில்லை. சுவர் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் 100 சதுர மீட்டர் சுவரில் 8 மில்லிமீட்டர் கூடுதல் என்றால் 0.8 கன மீட்டர் கலவை. ஒன்றுக்கு ஐந்து கலவையில் அது சுமார் 5 மூட்டை சிமெண்ட். சுவர் அளவு 400 சதுர மீட்டருக்கு மேல் போகும் ஒரு வீட்டில் 20 மூட்டை, அதாவது ஒரு டன், சுவருக்குள் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. கோணலுக்குக் காரணம் கொத்தனாரின் கை மட்டுமல்ல. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசி வேகமாகக் கட்டச் சொன்னது, செங்கல் ஒரே அளவில் வராதது, பூச்சு வேலை வேறு ஆளிடம் போவதால் கட்டியவருக்கு அதைப் பற்றிய கவலை இல்லாமல் போனது என்று மூன்று, நான்கு காரணங்கள். இவை எல்லாமே மேலாண்மை.

சிமெண்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்? உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 1,450 டிகிரி வரை சுட்டுக் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) ஆக்குகிறார்கள். அடுப்புக்கு எரிக்கும் நிலக்கரி ஒரு பக்கம் என்றால், கல்லே தனக்குள் இருக்கும் வாயுவை வெளிவிடுகிறது. ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ வாயு வெளியேறும். அடுப்பைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் இந்த 440 கிலோ குறையாது.

ஆகவே கிளிங்கரையே குறைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேரன் ஸ்கிரிவனர், கியூபாவில் பெர்னாண்டோ மார்ட்டிரேனா, இந்தியாவில் டெல்லி, சென்னை ஐஐடிகள் சேர்ந்து வளர்த்த "எல்சி3" சிமெண்ட் அப்படிப்பட்டது. பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல், மிச்சம் ஜிப்சம். களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். வாயு வெளியீடு 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. கடல் உப்பு உள்ளே நுழைந்து கம்பியை அரிப்பதை இது நன்றாகத் தடுக்கிறது. அதே சமயம் காற்றிலிருக்கும் கரியமில வாயு காங்கிரீட்டுக்குள் இறங்கினாலும் கம்பி துருப்பிடிக்கும், அது இறங்கும் வேகம் இதில் கொஞ்சம் கூடுதல் என்பதையும் ஆய்வேடுகள் மறைக்காமல் சொல்கின்றன. மூடிமறைக்காத அந்த நேர்மையால்தான் இந்த ஆய்வுகளை நான் நம்புகிறேன்.

கியூபாவில் ஆலை அளவில் சோதனைத் தயாரிப்பு நடந்தது 2013-இல். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 18189 வந்தது 2023-இல். பத்து ஆண்டுகள். வேதியியல் முடிந்த இடத்தில் மேலாண்மை தொடங்குகிறது. தர நிர்ணயம் வந்த பிறகும், பொதுப்பணித் துறையின் விலை அட்டவணையில் ஒரு பொருள் ஏறாவிட்டால், அரசு இன்ஜினியர் அதை மதிப்பீட்டில் எழுத முடியாது. மதிப்பீட்டில் இல்லாததை ஒப்பந்ததாரர் வாங்க மாட்டார். யாரும் வாங்காததை ஆலை தயாரிக்காது. எங்கே தயாரிக்கிறார்கள் என்று தெரியாத பொருளுக்கு அட்டவணையில் விலை போட முடியாது. இந்த வளையத்தை எங்கே வெட்டுவது என்பது சுத்தமான மேலாண்மைக் கேள்வி. எந்தச் சோதனைக் கூடத்திலும் அதற்கு விடை கிடைக்காது.

நெதர்லாந்து ஓர் இடத்தில் வெட்டிக் காட்டியது. அங்கே தேசிய நெடுஞ்சாலைகளையும் நீர்வழிகளையும் கவனிக்கும் அரசு அமைப்பு டெண்டர் விடும்போது, ஒவ்வொரு நிறுவனமும் தான் பயன்படுத்தப் போகும் பொருள்களின் சூழல் சேதத்தை ஒரு பொதுவான மென்பொருளில் போட்டு யூரோ மதிப்பாகக் காட்ட வேண்டும். சேதம் குறைந்தவருக்கு, ஒப்பீட்டுக்காக மட்டும் விலையில் தள்ளுபடி தரப்படும். அதாவது ஒருவர் கேட்ட தொகை கொஞ்சம் அதிகமாக இருந்தாலும், அந்தத் தள்ளுபடியைக் கழித்துப் பார்த்தபின் அவர் முதலிடத்துக்கு வரலாம். வேலை கிடைத்தால் கேட்ட முழுத் தொகையும் அவருக்கு உண்டு. சொன்ன அளவைக் காப்பாற்றாவிட்டால் அபராதமும் உண்டு. டென்மார்க் வேறு வழியில் போனது. 2023 ஜனவரியில் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு, 50 ஆண்டு ஆயுளுக்குக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமிலம் என்று சட்டமே உச்சவரம்பு வைத்தது.

இந்தியாவில் பொதுவாகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. 2021 அக்டோபரில் மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, தரம் முக்கியமான வேலைகளுக்கு விலை அல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை எடை கொடுக்க இடம் தந்தது. அந்த 30 சதவீதத்துக்குள் சூழல் கணக்கை எப்படி நுழைப்பது, அதை யார் சரிபார்ப்பது, சின்ன ஒப்பந்ததாரர்கள் அடிபட்டுப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? நெதர்லாந்து மென்பொருளை அப்படியே இறக்குமதி செய்தால் நடக்காது. நம்ம ஊர் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் நம்ம ஊர் குவாரியிலும் கிரஷரிலும் அளந்த எண்கள் வேண்டும். நாலைந்து ஆண்டு முனைவர் பட்டக் காலம் இப்படிப்பட்ட வேலைக்குத்தான் ஏற்றது. ஒரு நிறுவனமோ அரசு அலுவலகமோ ஒரே கேள்வியோடு அத்தனை ஆண்டு உட்கார்ந்திருக்காது.

இடிபாட்டுக் கழிவிலும் இதே கதை. பழைய காங்கிரீட்டை உடைத்து எடுக்கும் மறுசுழற்சி ஜல்லியை, கம்பி போட்ட காங்கிரீட்டில் (ஆர்சிசி) எம்25 என்ற வலிமைத் தரம் வரை 20 சதவீதமும், கம்பி இல்லாத காங்கிரீட்டில் 25 சதவீதமும் கலக்கலாம் என்று ஐஎஸ் 383 தர நிர்ணயம் 2016-இலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டில் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளும் வந்தன. டெல்லி புராரியில் 2009-இலிருந்தே மறுசுழற்சி ஆலை ஓடியது. ஆனாலும் பழைய வீட்டை இடிக்கும் ஒப்பந்ததாரர் தேக்குக் கதவையும் கம்பியையும் விற்றுவிட்டு, மிச்சத்தை ஏதோ ஒரு பள்ளத்தில் கொட்டுவதுதான் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. 2025-இல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைக்கு வரும் நாளாக வைத்தன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களில், கழிவுக்குக் கட்டுபவரே பொறுப்பு. ஒரு லோடு இடிபாடு எந்தத் தெருவில் ஏறி எங்கே இறங்குகிறது, லாரிக்காரர் ஏன் ஆலைக்குப் போகாமல் ஏரிக்கரைக்குப் போகிறார், டீசலும் நேரமும் அந்த முடிவில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்று லாரியில் ஏறி உட்கார்ந்து பார்க்கும் ஒரு மாணவர் வேண்டும்.

சைட்டுக்குள் விடுவார்களா என்பது நடைமுறையில் பெரிய கேள்வி. தாமதக் கணக்கை வெளியாள் எழுதிக்கொண்டால் நாளை வழக்கில் வந்து நிற்குமோ என்று ஒப்பந்ததாரர் பயப்படுவது நியாயம்தான். பெயர் வராது என்று எழுதிக் கொடுத்து, முதல் இரண்டு மாதம் எதையும் குறிக்காமல் வெறுமனே போய்வந்து, டீ குடித்துப் பழகிய பிறகுதான் நோட்டைத் திறக்க முடியும். அந்த இரண்டு மாதத்தைக் கல்லூரியின் காலாண்டு அறிக்கையில் வீணான காலமாகக் காட்ட வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆய்வின் முக்கியமான பகுதியே அதுதான்.

பாலார்டின் வாரக் கூட்டத்தை இன்றைய சென்னை சைட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். கம்பி கட்டும் குழு ஒடிசாவிலிருந்து வந்திருக்கிறது, சென்ட்ரிங் குழு வங்காளத்திலிருந்து. சூப்பர்வைசர் தமிழ் பேசுகிறார். அட்டவணை ஆங்கிலத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. "இந்த வாரம் முடியுமா?" என்று இன்ஜினியர் கேட்டால், குழுத் தலைவர் பாதி புரிந்து "முடியும் சார்" என்று தலையாட்டுகிறார். முடியாது என்று சொன்னால் அடுத்த வேலை கிடைக்குமா என்ற பயமும் அந்தத் தலையாட்டலில் இருக்கிறது. கடைசித் திட்டமிடுபவர் முடியாததை முடியாது என்று சொல்ல முடிந்தால்தான் பாலார்டின் வழிமுறை வேலை செய்யும். கூலிக்கு வந்த ஊரில், தெரியாத மொழியில், அவர் அதை எப்படிச் சொல்வார்? இந்தக் கேள்வியோடு ஒரு மாணவர் வந்தால், வழிகாட்டி முதலில் அவரை ஒடியாவில் பத்து வாக்கியம் கற்றுக்கொண்டு வரச் சொல்லலாம்.